பல சர்வர்களில் ஓடும் ஸ்கிரிப்ட்: அவுட்புட் குழம்பினால் எங்கே பார்ப்பது?

இரவு 11 மணிக்கு 38 சர்வர்களில் ஒரே ஸ்கிரிப்டை ஓடவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் லாக்கைத் திறந்தால் 9,000 வரி. எந்த வரி எந்த சர்வரிலிருந்து வந்தது, எந்த சர்வர் பாதியில் நின்றது, எது பதிலே சொல்லவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. நான் பல மதியங்களை இப்படித் தொலைத்திருக்கிறேன். அப்போது கற்றுக்கொண்டதை, கண்ணில் படும் அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவுட்புட்டை சர்வர் சர்வராகப் பிரித்து வாங்குங்கள். பிரித்து வாங்கியதை எப்போது வேண்டுமானாலும் ஒன்றாக்கலாம். கலந்து வாங்கியதைப் பிரிப்பது மோரில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது போலத்தான்.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் உச்சரிக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

பட்டியலில் 38 சர்வர், ஓடியது முதலாவதில் மட்டும்

சர்வர் பெயர்களை ஒரு ஃபைலில் வைத்து, ஒயில்-ரீட் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து எஸ்எஸ்ஹெச் (இன்னொரு சர்வரில் கட்டளை ஓட்டும் கருவி) செய்கிறீர்கள். முதல் சர்வரின் அவுட்புட் வருகிறது. பிறகு ஒரு பிழையும் காட்டாமல் ஸ்கிரிப்ட் முடிந்துவிடுகிறது.

லூப் பெயர்களைப் படிப்பது ஸ்டாண்டர்ட் இன்புட்டிலிருந்து. உள்ளே ஓடும் எஸ்எஸ்ஹெச்சும் அதே இன்புட்டைத்தான் படிக்கிறது. மிச்சமிருக்கும் 37 பெயர்களையும் அது தனக்கு வந்தது என்று எடுத்து முதல் சர்வருக்கு அனுப்பிவிடுகிறது. லூப் திரும்பி வரும்போது படிக்க ஒன்றும் இல்லை.

எஸ்எஸ்ஹெச்சுக்கு -என் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு எச்சரிக்கை: ஸ்கிரிப்டையே இன்புட் வழியாக அனுப்பி அந்தப் பக்கம் 'பாஷ் -எஸ்' என்று ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த வரியில் -என் போடாதீர்கள். ஸ்கிரிப்ட் போய்ச் சேராது, அந்தப் பக்கத்து பாஷ் வெற்று இன்புட்டைப் படித்துவிட்டு வெற்றி என்று சொல்லி முடித்துக்கொள்ளும். லூப்புக்குள் இன்புட்டைத் தின்னும் கட்டளைகள் பல இருந்தால், பெயர்களை 3-ஆம் ஃபைல் டிஸ்கிரிப்டரிலிருந்து 'ரீட் -யு 3' என்று படிக்க வைப்பது நல்லது.

வரிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன

ஒவ்வொரு எஸ்எஸ்ஹெச்சையும் & போட்டுப் பின்னணியில் ஓடவிட்டு, எல்லாவற்றின் அவுட்புட்டையும் ஒரே ஃபைலுக்கோ டெர்மினலுக்கோ அனுப்பினால் இப்படித்தான் ஆகும். இதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்று பார்த்தால்தான் சரியான இடத்தில் கை வைக்க முடியும்.

முழு வரிகள், ஆனால் சர்வர்கள் மாறி மாறி வருகின்றன என்றால் அது இணையாக ஓடுவதன் இயல்பு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சர்வர் பெயரைச் சேர்த்தாலே பாதிச் சிக்கல் தீரும். பாஷில் எஸ்எஸ்ஹெச்சை செட் (sed) என்ற எழுத்து மாற்றும் கட்டளைக்குப் பைப் செய்து வரியின் தொடக்கத்தில் பெயரை ஒட்டலாம். செட்டுக்கு -யு கொடுக்க மறக்காதீர்கள், ஏன் என்று அடுத்த தலைப்பில் வரும்.

வரிகளே பாதியில் அறுந்து இன்னொரு சர்வரின் வரியோடு ஒட்டியிருந்தால், ஒரே பைப்பில் பலர் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். லினக்ஸில் ஒரு பைப்புக்கு ஒரே தடவையில் எழுதும் அளவு 4096 பைட்டுக்குள் இருந்தால் அது துண்டாகாது. அதைத் தாண்டினால் நடுவில் மற்றவர் புகலாம். பாசிக்ஸ் தரம் உறுதி சொல்வது 512 பைட்டுக்குத்தான். நீளமான ஜேசன் வரிகளை ஒரே பைப்பில் கொட்டும்போது இந்த எல்லை சுலபமாக உடைந்துவிடும்.

சில சர்வர்களின் வரிகள் காணாமலே போயிருந்தால், அல்லது ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டிருந்தால், பலரும் > போட்டு ஒரே ஃபைலைத் தனித்தனியாகத் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கில் முதல் பைட்டிலிருந்து எழுதுகிறார்கள். >> போட்டால் ஒவ்வொரு எழுத்தும் ஃபைலின் கடைசியில் போய்ச் சேரும். ஆனால் அந்த ஃபைல் என்எஃப்எஸ் என்ற பகிர்வு டிரைவில் இருந்து, பல மெஷின்களிலிருந்து ஒரே நேரத்தில் எழுதினால் >> கூட காப்பாற்றாது. எல்லா சர்வரும் ஒரே பகிர்வு டிரைவில் ஒரே லாக்கில் எழுதட்டும் என்ற யோசனை பார்க்க அழகாக இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மூன்று வகைக்கும் நான் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு ஓட்டத்திற்கும் தேதி நேரத்தைப் பெயராக வைத்து ஒரு புது டைரக்டரி. அதற்குள் ஒவ்வொரு சர்வருக்கும் மூன்று ஃபைல்:

ஓட்டம்/20250314-173000/வெப்07.அவுட்
ஓட்டம்/20250314-173000/வெப்07.எர்ர்
ஓட்டம்/20250314-173000/வெப்07.கோட்

முதலாவதில் ஸ்டாண்டர்ட் அவுட்புட், இரண்டாவதில் ஸ்டாண்டர்ட் எர்ரர், மூன்றாவதில் கட்டளை வென்றதா தோற்றதா என்று சொல்லும் எக்ஸிட் கோட் என்ற ஒரே எண் (0 என்றால் வெற்றி). டைரக்டரி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால் பழைய ஆதாரம் அழிவதில்லை. 'நேற்று ஓடியது, இன்று ஏன் ஓடவில்லை' என்று யாராவது கேட்டால் இரண்டு டைரக்டரிக்கு டிஃப் போட்டால் போதும். கடைசி ஓட்டத்தைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் வைத்துக்கொண்டால் கை தேடாமல் அங்கே போகும்.

பெயர் வைக்கும்போதே 07 என்று பூஜ்யம் சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் வெப்10 வந்த பிறகுதான் வெப்2 வரும். ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றால் சார்ட் கட்டளைக்குப் பெரிய வி கொடுங்கள், எண்களை எண்களாக வரிசைப்படுத்தும்.

இதையெல்லாம் கையால் எழுத வேண்டாம் என்றால், ஜிஎன்யு பாரலல் இயல்பாகவே ஒவ்வொரு வேலையின் அவுட்புட்டையும் தற்காலிக ஃபைலில் சேர்த்து வைத்து, அந்த வேலை முடிந்த பிறகே மொத்தமாகக் காட்டும். --டேக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் பெயர் ஒட்டும். --ரிசல்ட்ஸ் கொடுத்தால் தனித்தனி ஃபைல்களில் போட்டு வைக்கும். பல சர்வர்களில் ஒரே கட்டளையை ஓட்டும் பிடிஎஸ்ஹெச் வைத்திருப்பவர்கள் அதன் அவுட்புட்டை, கூடவே வரும் டிஎஸ்ஹெச்பேக்குக்குப் பைப் செய்து, -டி (d) என்று ஒரு டைரக்டரி காட்டினால் சர்வருக்கு ஒரு ஃபைலாகப் பிரித்துத் தந்துவிடும்.

ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, லாக் மட்டும் காலி

டெர்மினலில் ஓட்டினால் வரி வரியாக வருகிறது. ஃபைலுக்கோ பைப்புக்கோ திருப்பினால் பத்து நிமிடம் ஒன்றுமே வராமல் திடீரென்று கொத்தாக விழுகிறது. அவுட்புட் டெர்மினலுக்குப் போனால் சி லைப்ரரி வரிக்கு வரி எழுதும். வேறெங்கே போனாலும் பஃபர் என்ற தற்காலிக இடம் நிறையும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் எர்ரருக்கு இந்தப் பிடிப்பு கிடையாது. அதனால்தான் பிழைச் செய்தி முதலில் வந்து, அதற்குக் காரணமான வரி அதன் பிறகு வருகிறது. லாக்கை மேலிருந்து கீழே படிக்கிறவர் ஏமாந்துபோவார்.

பைத்தானுக்கு -யு கொடுங்கள். கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட் உண்டு. ஆக் என்றால் ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் பிறகு எஃப்ஃப்ளஷ். சி-யில் எழுதிய பொதுவான கருவிகளுக்கு முன்னால் 'எஸ்டிடிபஃப் -ஓ' போட்டு, ஓவுக்குப் பக்கத்தில் பெரிய எல் சேர்க்கலாம். பைத்தான் 3 தன் பஃபரைத் தானே பார்த்துக்கொள்வதால் எஸ்டிடிபஃப் அதனிடம் வேலை செய்யாது.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நடுவில் புரோசஸைக் கில் செய்தால் பஃபரில் இருந்தது அப்படியே போய்விடும், அதாவது கடைசியாக என்ன நடந்தது என்று சொல்லும் வரிகள்தான் தொலையும்.

எல்லாம் 'வெற்றி' என்கிறது, சர்வரில் போய்ப் பார்த்தால் வேலை நடக்கவில்லை

எக்ஸிட் கோட் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. அது தொலைகிற இடங்கள் சிலவற்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் டீ கட்டளை. எஸ்எஸ்ஹெச்சின் அவுட்புட்டைத் திரையிலும் பார்த்து ஃபைலிலும் சேர்க்க டீக்குப் பைப் செய்கிறோம். பைப்பின் எக்ஸிட் கோட் என்பது கடைசிக் கட்டளையின் கோட். ஃபைலில் எழுத முடிகிறவரை டீ வெற்றிதான். பாஷில் 'செட் -ஓ பைப்ஃபெயில்' (இது set, முன்பு சொன்ன sed இல்லை) என்று ஸ்கிரிப்டின் தலையிலேயே போட்டுவிடுங்கள். எந்தத் துண்டு தோற்றது என்று தெரிய வேண்டுமென்றால் பைப்ஸ்டேட்டஸ் என்ற அரேயைப் பாருங்கள். ஆனால் உடனே பார்க்க வேண்டும், அடுத்த கட்டளை ஓடினாலே அது மாறிவிடும்.

அடுத்தது வெயிட். பின்னணி வேலைகளை எல்லாம் ஓடவிட்டுக் கடைசியில் வெறும் வெயிட் என்று எழுதினால், 38-இல் 20 தோற்றாலும் அது 0 என்றுதான் திருப்பித் தரும். ஒவ்வொரு வேலையின் புரோசஸ் எண்ணையும் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக வெயிட் செய்ய வேண்டும்.

இன்னொன்று, ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளை அறிவிக்கும் அதே வரியில் கட்டளையின் அவுட்புட்டை அதில் போடுவது. அப்போது கிடைக்கும் கோட் லோக்கல் என்ற சொல்லுக்கு உரியது, உங்கள் கட்டளைக்கு உரியதில்லை. அறிவிப்பு ஒரு வரி, மதிப்பிடுவது அடுத்த வரி என்று பிரித்துவிடுங்கள். பல வருடம் ஸ்கிரிப்ட் எழுதியவர்களே இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கோட் சரியாக வந்துவிட்டால் அதை வாசிக்கவும் தெரிய வேண்டும். எஸ்எஸ்ஹெச் தன் சொந்தச் சிக்கலுக்கு 255 தரும், மற்றபடி அந்தப் பக்கத்துக் கட்டளையின் கோடை அப்படியே கொண்டுவரும். டைம்அவுட் கட்டளை நேரம் முடிந்து நிறுத்தினால் 124. ஆகவே 255 என்றால் நெட்வொர்க், கீ, ஹோஸ்ட் பெயர் என்று தேடுங்கள். 124 என்றால் சர்வர் தொங்கியிருக்கிறது. 1, 2 மாதிரி எண்கள் என்றால் உங்கள் ஸ்கிரிப்டைத் திறங்கள். கோட் ஃபைலைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணமே இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பிரித்துவிடலாம் என்பதுதான்.

ஃபைலுக்குத் திருப்பும் குறிகளின் வரிசையையும் ஒரு தடவை பாருங்கள். > ஃபைல் 2>&1 என்றால் இரண்டும் ஃபைலுக்குப் போகும். 2>&1 > ஃபைல் என்று மாற்றி எழுதினால் பிழைகள் திரைக்கே போகும், ஃபைலில் நல்ல செய்தி மட்டும் இருக்கும்.

சில சர்வர்கள் அறிக்கையிலேயே இல்லை

இந்த ஒரு தலைப்பை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பழைய லாக்குகளைச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை வாராவாரம் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் வரும் அறிக்கை 'தோல்வி: 0' என்று சொல்லும். மனம் நிம்மதியாக இருக்கும். ஒரு டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் 100 சதவீதம் நிறைந்து நின்றுபோன அன்றுதான், அந்த சர்வர் பல வாரங்களாக அறிக்கையில் எந்த வடிவிலும் இல்லை என்று தெரிந்தது. அதன் கீ மாற்றப்பட்டிருந்தது, எஸ்எஸ்ஹெச் உள்ளேயே போகவில்லை. நான் எண்ணியது 'தோல்வி' என்ற சொல் வந்த வரிகளை. பதிலே வராத சர்வர் எந்த வரியையும் அனுப்பாது. அந்தத் தவறு என்னுடையது, அன்றிலிருந்து அறிக்கை தயாரிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

இப்போது அறிக்கை சர்வர் பட்டியலிலிருந்து தொடங்குகிறது, வந்த அவுட்புட்டிலிருந்து தொடங்குவதில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் கோட் ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 0 இருந்தால் வெற்றி. வேறு எண் இருந்தால் தோல்வி. ஃபைலே இல்லையென்றால் 'பதில் இல்லை'. மூன்றின் கூட்டுத்தொகை பட்டியலின் எண்ணிக்கைக்குச் சமமாக இல்லாவிட்டால் அறிக்கையே போகாது. கோட் ஃபைலை வேலை முடிந்த பிறகுதான் எழுத வேண்டும், முன்பே காலியாக உருவாக்கி வைக்கக் கூடாது. இரண்டு பட்டியல்களை ஒப்பிட காம் கட்டளை போதும், இரண்டையும் ஒரே லோகேலில் சார்ட் செய்திருக்க வேண்டும்.

பல சர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் அன்சிபிள் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஓட்டத்தின் முடிவில் வரும் தொகுப்பில் 'அன்ரீச்சபிள்' என்பது 'ஃபெயில்ட்' எண்ணிக்கையிலிருந்து தனியாக இருக்கும். இரண்டையும் பாருங்கள். எட்ட முடியாத சர்வர் அதற்குப் பின் வரும் டாஸ்குகளிலிருந்து சத்தமில்லாமல் விலக்கப்படும். பிழையைப் பொருட்படுத்தாதே என்று எழுதி வைத்த டாஸ்குகள் தோற்றால் அது 'இக்னோர்ட்' என்ற எண்ணில்தான் தெரியும்.

சரி, ஏன் சர்வர்கள் விடுபடுகின்றன? ஒவ்வொரு ஓட்டத்திலும் வெவ்வேறு சர்வர்கள் விடுபட்டால், மற்ற சர்வர்களுக்குப் போகும் வழியாக நடுவில் இருக்கும் ஜம்ப் சர்வரைச் சந்தேகியுங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரில் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 10:30:100. இன்னும் உள்நுழைந்து முடியாத இணைப்புகள் 10-ஐத் தொட்டால், புதிதாக வருவதில் 30 சதவீதத்தைக் கண்மூடித்தனமாகத் தள்ளத் தொடங்கும். எண்ணிக்கை கூடக் கூடத் தள்ளுவதும் கூடி, 100-ஐத் தொட்டால் எல்லாவற்றையும் தள்ளும். 38 இணைப்பை ஒரே நொடியில் ஒரே ஜம்ப் சர்வர் வழியாகத் திறந்தால் யார் விடுபடுவார்கள் என்பது குலுக்கல் மாதிரிதான். ஒரே நேரத்தில் 8 என்று குறைத்துப் பாருங்கள். அன்சிபிளின் இயல்பு எண்ணிக்கை 5 மட்டுமே என்பதால் அதை உயர்த்தாதவரை இந்தச் சிக்கல் அங்கே அரிது.

எப்போதும் அதே சர்வர் விடுபட்டால், அது பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு காத்திருக்கலாம். பேட்ச்மோட் யெஸ் என்று கொடுத்தால் கேட்காமல் உடனே தோற்கும், அதுதான் நமக்கு வேண்டும். கனெக்ட்டைம்அவுட்டை 10 நொடி என்று வையுங்கள். இணைந்த பிறகு நடுவில் தொங்கும் சர்வருக்கு அது உதவாது. அதற்கு சர்வர்அலைவ்இன்டர்வெல் 15 கொடுத்தால், பதிலில்லாத மூன்று கேள்விக்குப் பிறகு, சுமார் 45 நொடியில் எஸ்எஸ்ஹெச் தானே விலகிக்கொள்ளும். இணைப்பு உயிரோடிருந்து கட்டளை மட்டும் சிக்கிக்கொண்டால் டைம்அவுட் கட்டளைதான் கடைசிக் காவல்.

வரி முடிவில் ஒட்டிய குறி, பிழையும் பதிலும் ஒரே ஃபைலில்

எஸ்எஸ்ஹெச்சுக்கு -டி (t) கொடுத்திருக்கிறீர்கள், எடுத்துவிடுங்கள். அது அந்தப் பக்கம் ஒரு போலி டெர்மினலைத் திறக்கிறது. டெர்மினல் என்பதால் வரி முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் சேர்கிறது, வண்ணக் குறிகள் வருகின்றன, ஸ்டாண்டர்ட் எர்ரரும் அவுட்புட்டும் ஒன்றாகிவிடுகின்றன. சுடோ கேட்கிறது என்பதற்காகச் சேர்த்திருந்தால், அந்தக் குறிப்பிட்ட கட்டளைக்கு மட்டும் பாஸ்வேர்டில்லா அனுமதி தருவது சரியான வழி.

நேரம் முன்னுக்குப் பின் முரண்

சர்வர்கள் மும்பையிலும் லண்டனிலும் இருந்தால், எல்லா லாக் வரியிலும் யுடிசி நேரம் போடுங்கள். டேட் கட்டளைக்கு -யு. வருடம், மாதம், நாள், நேரம் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையில் எழுதினால் சாதாரண எழுத்து வரிசைப்படுத்தலே காலவரிசை ஆகிவிடும். இந்திய நேரம் யுடிசியைவிட 5:30 முன்னால், அது வருடம் முழுக்க மாறாது. லண்டன் கோடையில் ஒரு மணி நேரம் நகரும். அப்புறமும் சில நொடி வித்தியாசம் இருந்தால் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் குரோனி ஓடுகிறதா என்று அந்த சர்வரில் பாருங்கள்.

கையால் ஓட்டினால் சரி, க்ரானில் ஃபைலே உருவாகவில்லை

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் க்ரானின் பட்டியல்தான் க்ரான்டேப். அதன் வரியில் % குறி இருக்கிறதா? க்ரான் அதைப் புது வரியாக மாற்றி, அதற்குப் பின்னால் இருப்பதைக் கட்டளைக்கு இன்புட்டாகக் கொடுத்துவிடும். ஃபைல் பெயரில் தேதி சேர்க்கும் எல்லோரும் இதில் மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு % முன்பும் \ போடுங்கள், அல்லது தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுபோங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது, ஆனால் 38 ஃபைலை யார் படிப்பது?

படிக்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும்தான். டிஎஸ்ஹெச்பேக்குக்கு -சி கொடுத்தால், ஒரே மாதிரி அவுட்புட் தந்த சர்வர்களை ஒரு தலைப்பின் கீழ் சேர்த்து அந்த அவுட்புட்டை ஒரே தடவை காட்டும். 36 சர்வர் ஒரே பதில், 2 சர்வர் வேறு பதில் என்றால் உங்கள் கண்ணில் படுவது இரண்டு பத்தி. கிளஸ்டர்ஷெல் என்ற கருவியின் க்ளஷ் -பி (b) இதையே செய்யும், --டிஃப் கொடுத்தால் வித்தியாசமான வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது: பழைய கர்னல் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு சர்வர் தனியாக நின்றது.

இது பலிக்க வேண்டுமென்றால் அவுட்புட்டில் சர்வருக்கு சர்வர் மாறும் சமாச்சாரம் இருக்கக் கூடாது. ஹோஸ்ட் பெயர், நேரம், புரோசஸ் எண் ஒன்று இருந்தாலும் 38 பதிலும் 38 விதமாகிவிடும். சேர்ப்பதற்கு முன் அவற்றை செட் (sed) போட்டு நீக்குங்கள். எல்லா இடத்திலும் 'எல்சி_ஆல்=சி' என்று வைத்து ஓட்டினால் மொழி அமைப்பு வேறுபாட்டால் வரும் பொய் வித்தியாசங்களும் போகும்.

லாக்கில் பாஸ்வேர்டு தெரிகிறது

'செட் -எக்ஸ்' போட்டு ஓட்டினால் ஒவ்வொரு கட்டளையும் விரித்த மதிப்புகளோடு எர்ர் ஃபைலில் எழுதப்படும், டோக்கனும் சேர்த்து. ரகசியம் வரும் பகுதிக்கு முன் 'செட் +எக்ஸ்' என்று அணைத்துவிடுங்கள். அன்சிபிளில் அந்த டாஸ்குக்கு நோ_லாக் உண்மை என்று கொடுங்கள். ஓட்டத்தின் டைரக்டரியை உருவாக்கும் முன் யுமாஸ்க் 077 வைத்தால் மற்ற பயனர்களால் திறக்க முடியாது. ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றால் முதலில் அந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், பேக்கப்பிலும் போயிருக்கும். ஃபைலை அதற்குப் பிறகு அழித்துக்கொள்ளலாம்.